பன்னிரண்டாயிரம் ரூபாய்க் காற்று

உங்களுக்கு மைத்துனர் உண்டா? உண்டென்றால் இந்த வாரம் இந்தப் பகுதியைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். இல்லாத பாக்கியசாலிகள் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கவே படிக்கலாம்.

என் மைத்துனன் நல்ல பிள்ளை. அதில் சந்தேகம் வேண்டாம். பி.காம். படித்தான்; நாலு கம்பெனிகளில் வேலை பார்த்தான்; நாலிலும் மனம் ஒட்டாமல் கடைசியில் கடன் வாங்கி ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினான். செல்போனில் கூப்பிட்டால் வந்து நிற்குமே, அந்த ரகத்து டாக்சி. அவனே முதலாளி, அவனே டிரைவர், அவனே கிளீனர். மாதம் பிறந்தால் பாங்கிக்குத் தவணை கட்டவேண்டும். இரண்டு தவணை பாக்கி நின்றுபோன விஷயம் என் மனைவிக்குத் தெரியும்; எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டாவது காப்பிக்கு இடையூறு இல்லாத நேரம் பார்த்து வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், ஒரு பன்னிரண்டாயிரம் ரூபாய் வேணும். நாலே மாசம். அப்படியே திருப்பிக் கொடுத்துடறேன்."

"எதற்கப்பா?"

"காத்து வாங்க."

காற்று வாங்க வேண்டுமானால் மெரீனாவுக்குப் போனால் போதுமே, பஸ் செலவோடு முடிந்துவிடுமே என்றேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் ஹாஸ்யம் செய்வதற்கு இது சமயமல்ல என்று புரிந்தது.

விஷயம் இதுதான். காரின் பானட்டைத் தூக்கினால் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதற்குள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு காகித பில்டர். இன்ஜினுக்குப் போகிற காற்று அதன் வழியாகத்தான் தூசி நீங்கிப் போகிறது. அந்தப் பெட்டியை அடியோடு எடுத்துவிட்டு, பளபளவென்று ஓர் அலுமினியக் குழலையும் அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒரு சிவப்புப் பில்டரையும் மாட்டித் தருகிறார்களாம். "இன்ஜின் இப்போ மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடற மாதிரி ஓடுது அத்தான். இதை மாட்டினா தாராளமா மூச்சு விடும். லிட்டருக்குப் பதினஞ்சு கொடுக்கிற வண்டி பதினேழு கொடுக்குமாம்!"

என் மனைவி பால் கணக்கு எழுதும் டைரியை எடுத்துவந்தாள். நாளைக்கு 150 கிலோமீட்டர். 15 கொடுத்தால் 10 லிட்டர். 17 கொடுத்தால் 9 லிட்டருக்கும் கீழே. பெட்ரோல் விலை சென்னையில் 2021-ல் லிட்டர் நூறு ரூபாயைத் தொட்டது உங்களுக்கு நினைவிருக்கும். நூறு என்றே வைத்துக்கொண்டால் நாளைக்கு ஏறக்குறைய 120 ரூபாய் மிச்சம். மாதத்தில் 26 நாள் ஓட்டினால் 3,000 ரூபாய்க்கு மேல். நாலு மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். அப்புறம் வருவதெல்லாம் லாபம். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. கணக்கில் என்றைக்குமே பிசகு இருப்பதில்லை, அன்பர்களே. கணக்குக்கு மேலே எழுதியிருக்கும் முதல் வரியில்தான் இருக்கும்.

நான் பதில் சொல்லாமல் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். என் மனைவி ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "உங்க கிட்டே இல்லேன்னா பரவாயில்லை. இதை வெச்சுக் கொடுங்க" என்று கையிலிருந்த ஒற்றை வளையலைக் கழற்றி டைரியின்மேல் வைத்தாள்.

இதற்குமேல் ஹாஸ்யம் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். பத்திரிகைக்காரன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமலேயே அதைப்பற்றி எழுதிவிடுவான் என்று ஓர் அபவாதம் உண்டு. இருக்கலாம். ஆனால் தன் வீட்டு வளையல் போகிறதென்றால் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டான்.

முதலில் இன்ஜின் மூச்சு விடுகிற விதத்தைப் பார்ப்போம். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 11 கிலோ காற்று. காற்றைக் கிலோவில் நிறுத்து நமக்குப் பழக்கமில்லையே! பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரம் உள்ள ஒரு சின்ன அறையை எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று லிட்டர் பெட்ரோல் எரிந்தால் அந்த அறைக் காற்று முழுவதும் தீர்ந்துபோகும். என் மைத்துனன் ஒரு நாள் ஓட்டத்தில் அப்படிப்பட்ட மூன்று அறைகளைக் காலி செய்கிறான். இவ்வளவு காற்றும் ஒரு பில்டர் வழியாகப் போகவேண்டுமென்றால், வழியை அகலப்படுத்துவது நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் நடுவிலே ஒரு கதவு இருக்கிறது. அதற்கு த்ராட்டில் என்று பெயர். நாம் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறோமே, அப்போது நேரே பெட்ரோல் கூடுதலாகப் பாய்கிறது என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அந்த மிதி திறப்பது காற்றுக் கதவை. உள்ளே வந்த காற்று எவ்வளவு என்று ஒரு சென்ஸார் பார்த்துச் சொல்கிறது. அதற்குத் தகுந்தபடி பெட்ரோலை அளந்து தெளிக்கிறது கம்ப்யூட்டர். புகைக் குழாயில் இன்னொரு சென்ஸார் உட்கார்ந்துகொண்டு, கலவை சரியாக இருந்ததா என்று மோப்பம் பிடித்துத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வாழைமரம் கட்டிய பெரிய பந்தல். உள்ளே சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு கதவு. அந்தக் கதவை ஓர் ஆள் நுழையும்படி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். வாசல் பந்தலை நீங்கள் இன்னும் பத்தடி அகலப்படுத்தினால் பந்தியில் கூட்டம் கூடுமா? கூடாது. கதவருகில் நிற்பவர்தான் எத்தனை பேர் என்று தீர்மானிக்கிறார். நகரத்துச் சாலையில் நிதானமாகப் போகும்போது இன்ஜினின் கதவு பெரும்பாலும் முக்கால்வாசி மூடித்தான் இருக்கிறது. அங்கே இருக்கும் நெருக்கடியோடு ஒப்பிட்டால் பில்டர் காட்டும் தடை ஒன்றுமே இல்லை. பில்டரை அகலப்படுத்தினால், அதே வேகத்துக்கு நீங்கள் காலை ஒரு மயிரிழை தூக்குவீர்கள்; கதவு ஒரு மயிரிழை கூடுதலாக மூடும். போன காற்றும் அதேதான், எரிந்த பெட்ரோலும் அதேதான்.

சரி, கதவை முழுக்கத் திறந்துவிட்டால்? மலைப் பாதையில், முந்திக்கொண்டு போகும்போது, மிதியைத் தரையோடு அழுத்தினால்? அப்போது அகலமான வழியால் காற்று கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆனால் வந்த விருந்தாளி ஒவ்வொருவருக்கும் இலை போட்டுத்தானே ஆகவேண்டும்? கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல். சக்தி சிறிது கூடலாம், சிக்கனம் கூடாது. பந்தயக்காரர்கள் இந்தக் குழலை மாட்டுவதில் அர்த்தம் உண்டு. அவர்கள் பெட்ரோல் கணக்குப் பார்க்க அக்காவின் வளையலைக் கழற்றுவதில்லை.

"குளிர்ந்த காற்று உள்ளே போவதால் மைலேஜ் கூடும்" என்றும் கடைக்காரர் சொன்னாராம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பது வாஸ்தவம். 10 டிகிரி குறைந்தால் அடர்த்தி 3 சதவிகிதத்துக்குச் சற்று மேலே கூடும். அடர்த்தி கூடினால் சக்தி கூடலாம். ஆனால் அதே வேகத்தில் போக அதே எடை காற்றுத்தான் வேண்டும். ஆகவே கதவு இன்னும் கொஞ்சம் மூடும், அவ்வளவுதான். இதில் இன்னொரு வேடிக்கை: பெட்டியை எடுத்துவிட்டுத் திறந்த கூம்பை மாட்டும்போது அது பெரும்பாலும் ரேடியேட்டருக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்கிறது. சித்திரை மாதத்தில், அண்ணா சாலை சிக்னலில், பானட்டுக்குள் அது குடிப்பது குளிர்ந்த காற்றா, கொதித்த காற்றா என்று நீங்களே சொல்லுங்கள். கம்பெனிக்காரன் கொடுத்த அந்த அழகில்லாத கறுப்புப் பெட்டிக்கு ஒரு மூக்கு உண்டு. அது வெளியே நீட்டிக்கொண்டு வெளிக் காற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தது!

அப்படியானால் "பில்டரைச் சுத்தம் செய், மைலேஜ் கூடும்" என்று நம் அப்பா காலத்திலிருந்து சொல்லிவருகிறார்களே, அதெல்லாம் பொய்யா? பொய்யில்லை. அது கார்புரேட்டர் காலத்து உண்மை. கார்புரேட்டரில் கம்ப்யூட்டரும் கிடையாது, மோப்பக்காரனும் கிடையாது. காற்று போகிற வேகத்திலேயே பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வரும். வழி அடைத்துக்கொண்டால் உறிஞ்சல் அதிகமாகும். பெட்ரோல் அளவுக்கு மீறி வரும். கறுப்புப் புகை விடும். 1983-ஆம் வருஷக் கடைசியில் வந்த மாருதி 800 கூடக் கார்புரேட்டரோடுதான் வந்தது. அந்த நாளில் பில்டரைத் தட்டிப் போட்டுப் பலன் கண்டவர்கள் இன்றைக்கும் அதையே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். வண்டி மாறிவிட்டது, வாக்கு மாறவில்லை.

இதை யாராவது முறையாகச் சோதித்துப் பார்த்தார்களா என்று தேடினேன். பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்று ஓர் ஊர். இரண்டாவது உலக யுத்தத்தில் அணுகுண்டு வேலைக்கென்றே காட்டுக்கு நடுவில் ரகசியமாக எழுப்பிய ஊர். அங்கே இன்று இருக்கும் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தார் 2009-ல் இந்தப் பில்டர் சமாசாரத்தை எடுத்துக்கொண்டார்கள். அணுவைப் பிளந்த ஊரில் காகிதப் பில்டரை ஆராய்வதா என்று நீங்கள் சிரிக்கலாம். அதைவிட உபயோகமான காரியம் என்பது என் அபிப்பிராயம்.

அவர்கள் செய்தது ரொம்ப நேர்த்தியான வேலை. இக்காலத்துக் கார்களில் பில்டரை வேண்டுமென்றே அடைத்து, உருளைமேல் நிறுத்தி ஓட்டி, பெட்ரோலை அளந்தார்கள். முடிவு? பில்டர் அடைத்திருந்தபோதும் மைலேஜில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பிக்கப் மட்டும் குறைந்தது. அடைத்த பில்டரை மாற்றிப் புதிது போட்டால் வேகம் பிடிப்பது 6 முதல் 11 சதவிகிதம் வரை மேம்பட்டது. கார்புரேட்டர் வண்டியில் மட்டும் பெட்ரோலே 2 முதல் 6 சதவிகிதம் மிச்சமாயிற்று. ஓட்டவே சிரமப்படும் அளவுக்கு அடைத்திருந்தால் 14 சதவிகிதம் வரையில் கூட.

இதைப் படித்ததும் எனக்குக் கண் திறந்தது. அடைத்துப்போன பில்டரே பெட்ரோலைக் கூடக் குடிக்கவில்லை என்றால், நல்ல பில்டரை எடுத்துவிட்டு இன்னும் தாராளமான பில்டரைப் போட்டு என்ன மிச்சம் பிடிக்கமுடியும்? மூக்கடைப்பே இல்லாதவனுக்கு நீலகிரித் தைலம் எதற்கு?

அதே நாட்டில் சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகா, பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி விற்பனைக்கு வந்த சாதனங்களைப் பல வருஷங்களாகச் சோதித்தும் பரிசீலித்தும் வந்திருக்கிறது. காற்றுக் குழாயில் செருகுவது, காந்தம் கட்டுவது, பெட்ரோலில் மாத்திரை போடுவது என்று நூற்றுக்கு மேற்பட்ட தினுசுகள். மைலேஜைக் கணிசமாக உயர்த்திய சாதனம் என்று ஒன்றும் தேறவில்லை. ஆனாலும் ஆசை விடுகிறதா? 1930-களில் கானடாவில் போக் என்பவர் ஒரு கார்புரேட்டர் கண்டுபிடித்துக் காப்புரிமையும் வாங்கினார். காலனுக்கு 200 மைல் போகும் என்று பேச்சு அடிபட்டது. அது கடைக்கு வரவே இல்லை. எண்ணெய்க் கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் மட்டும் என்ன? 1996-ல் மூலிகைப் பெட்ரோல் என்று சொல்லி நாடே வாயைப் பிளந்து நின்றதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். நம் நாட்டில் 2017-லிருந்து கார் கம்பெனிகளுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அவர்கள் விற்கும் கார்கள் கிலோமீட்டருக்கு விடும் கரியமில வாயு சராசரியாக இத்தனை கிராமுக்கு மேல் போகக்கூடாது என்று. முதலில் 130 கிராம், 2022-லிருந்து 113. ஒரு கிராம், இரண்டு கிராம் குறைப்பதற்காகக் கண்ணாடியின் வளைவை மாற்றுகிறார்கள், எண்ணெயை மெல்லியதாக்குகிறார்கள். ஓர் அலுமினியக் குழலில் பத்துப் பன்னிரண்டு சதவிகிதம் மிச்சமாகுமென்றால் அதை முதல் நாளே அவர்கள் மாட்டியிருக்க மாட்டார்களா?

இவ்வளவையும் மைத்துனனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அத்தான், நீங்க படிச்சதைச் சொல்றீங்க. என் சிநேகிதன் மாட்டியே இருக்கான். ரெண்டு கிலோமீட்டர் கூடக் கொடுக்குதுன்னு அவனே சொல்றான்" என்றான். கண்ணால் கண்டவன் சாட்சிக்கு முன்னால் காகிதத்தில் படித்தவன் வாதம் நிற்குமா? சரி, இரண்டு பேருமாக ஒரு மெக்கானிக்கைப் பார்க்கலாம் என்று புதுப்பேட்டைக்குப் போனோம்.

அங்கே மைத்துனனுக்குப் பழக்கமான பாய் ஒருவர். வயசு அறுபதுக்கு மேல். பேசுவதைவிட முணுமுணுப்பதே அதிகம். விஷயத்தைச் சொன்னதும் மேஜைமேல் ரசீதுகள் பறக்காமல் வைத்திருந்த ஓர் இரும்புத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். கனெக்டிங் ராடு. நேராக இருக்கவேண்டியது, வில் மாதிரி வளைந்திருந்தது.

"2023 டிசம்பர் புயல்லே வந்த வண்டி சார். இதே மாதிரி குழாய்தான். வாயைக் கீழே, பம்பருக்குப் பின்னாலே இறக்கி வெச்சிருந்தாங்க. முழங்கால் தண்ணியிலே ஓட்டியிருக்கான். காத்துக்குப் பதிலா தண்ணியைக் குடிச்சிட்டுது."

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது இடம் கொடுக்காமல் தண்ணீர் நின்றால், நடுவில் இருக்கும் ராடுதான் வளையவேண்டும். கம்பெனி மூக்கை உயரத்தில் வைத்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கம்பெனி வண்டியும் ஆழமான தண்ணீரில் போனால் இந்தக் கதிக்கு ஆளாகலாம். ஆனால் மூக்கைத் தரைக்கு இறக்கினால் முழங்கால் தண்ணீரே எமன்.

"அப்போ உயரத்திலே வெச்சா?" என்றான் மைத்துனன்.

"வை தம்பி. தூசியை என்ன பண்ணுவே? அந்தச் சிகப்புப் பில்டர் துணி. எண்ணெய் தடவி வைக்கணும். கொஞ்சமாத் தடவினா தூசி உள்ளே போகும். நிறையத் தடவினா எண்ணெய் போய் சென்ஸார்லே ஒட்டும். அப்புறம் வண்டி தப்பாக் கணக்குப் போடும்" என்றார் பாய். பிறகு பானட்டைத் தூக்கிப் பெட்டியைத் திறந்து காகிதப் பில்டரை வெளியே எடுத்தார். கறுத்துப் போயிருந்தது. ஒரு செத்த வெட்டுக்கிளியும் இருந்தது. "எப்போ மாத்தினே?" என்று கேட்டார். மைத்துனன் வானத்தைப் பார்த்தான்.

அவன் சிநேகிதனையும் விசாரித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. மைலேஜ் கூடியது உண்மைதான். குழலை மாட்டிய அன்றைக்கே அந்தக் கடையில் வேறு என்னென்ன செய்தார்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. பிளக் நாலும் புதிது. இன்ஜின் ஆயில் புதிது. நாலு டயருக்கும் காற்று. அத்துடன், "பன்னிரண்டாயிரம் கொடுத்திருக்கேன் சார், அதுக்கப்புறம் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டறேன்" என்றார். மருந்து சாப்பிட்ட அன்றே பத்தியமும் ஆரம்பித்தால், குணம் மருந்தாலா, பத்தியத்தாலா?

அந்த நல்ல மனிதர் தம் குழலை மூன்று நாள் கழற்றித் தரவும் சம்மதித்தார். அவருடைய காரும் மைத்துனன் காரும் ஒரே ஜாதி. அந்த வாரம் மைத்துனனுக்குப் பாண்டிச்சேரிக்கு மூன்று நடை வாடகை இருந்தது. ஒரே வியாபாரி, ஒரே பெட்டி, விடியற்காலம் புறப்பாடு, போக வர சுமார் 300 கிலோமீட்டர். முதல் நடை பழைய பெட்டியோடு. இரண்டாவது நடை குழலோடு. மூன்றாவது மறுபடி பெட்டியோடு. ஒரே பங்க்கில், ஒரே பம்பில், துப்பாக்கி தானாக நின்றதும் அதற்குமேல் ஒரு சொட்டும் விடாமல் டாங்கை நிரப்பவேண்டும் என்பது என் நிபந்தனை. ஏ.சி. ஒரே நிலையில். டயர் காற்று ஒரே அளவில். மீட்டரில் தெரியும் சராசரியை நம்பாமல் ரசீதை மட்டும் கொண்டுவரவேண்டும்.

முதல் நாள் 17.1 லிட்டர். இரண்டாம் நாள், குழலோடு, 17.4. மைத்துனன் முகம் சுருங்கியது. மூன்றாம் நாள், பழைய பெட்டியோடு, 17.6! "பார்த்தீங்களா அத்தான், குழல் இருந்தா குறையுது!" என்று குதித்தான். முதல் நாள் ரசீதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். குழல் இல்லாத இரண்டு நாளுக்கும் நடுவிலே போய் உட்கார்ந்திருந்தது குழல் போட்ட நாள். துப்பாக்கி கொஞ்சம் முந்தி நின்றாலும் பிந்தி நின்றாலும் வரக்கூடிய வித்தியாசம் அது. மூன்று நடையில் விஞ்ஞானம் நிலைநாட்டப்பட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கிலோமீட்டர் கூடுதல் என்பது உண்மையானால் இரண்டாம் நாள் இரண்டு லிட்டர் குறைந்து 15-ஐ ஒட்டி நின்றிருக்கவேண்டும். அதை எந்தத் துப்பாக்கியாலும் ஒளிக்க முடியாது.

"சத்தம் மட்டும் பிரமாதமா இருந்தது அத்தான்" என்றான் ஏக்கத்தோடு. அது வாஸ்தவம். மிதித்தால் சிங்கம் உறுமுகிற மாதிரி 'கொர்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே மறுபடியும் மிதிக்கத் தோன்றும். மைலேஜ் அங்கேதான் போகிறது.

டீசல் கார் வைத்திருக்கும் அன்பர்கள் என்மேல் கோபிக்கக்கூடாது. டீசலில் இந்தக் கதவு விவகாரம் வேறு. டர்போ என்று ஒரு விசிறி வேறு இருக்கிறது. ஆனால் தூசிக்கும் தண்ணீருக்கும் டீசல், பெட்ரோல் என்ற பேதம் கிடையாது.

அப்படியானால் மைத்துனனின் தவணைக்கு என்ன வழி? பாயிடமே கேட்டோம். அவர் முதலில் டயரில் காற்றுப் பார்த்தார். 32 இருக்கவேண்டிய இடத்தில் 25 இருந்தது. டயரில் ஒரு பவுண்டு குறைந்தால் மைலேஜ் 0.2 சதவிகிதம் போகும் என்பது அமெரிக்க அரசாங்கக் கணக்கு. ஏழு பவுண்டுக்கு ஒன்றரை சதவிகிதத்தை ஒட்டி வருகிறது. பங்க்கில் காற்று இனாம்! பிறகு அவர் கூரையைப் பார்த்தார். மைத்துனன் வண்டியின் தலையில் ஓர் இரும்புக் காரியர் எப்போதும் உட்கார்ந்திருக்கும். "இதை எத்தனை நாளைக்கு ஒரு தடவை உபயோகிக்கறே?" என்றார். மாதத்துக்கு இரண்டு தடவை. மற்ற 28 நாளும் அது சும்மா காற்றோடு மல்லுக்கு நிற்கிறது. பெரிய சாமான் பெட்டியைக் கூரையில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போனால் மைலேஜ் 6 முதல் 17 சதவிகிதம் வரை விழும் என்று அதே கணக்கு சொல்கிறது. காலிக் காரியர் அந்த அளவுக்குக் கொல்லாது. ஆனாலும் காற்றுக்கு அது காலி என்று தெரியாதே.

விமான நிலையத்தில் சவாரிக்குக் காத்திருக்கும்போது ஏ.சி.யோடு இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குகிற வழக்கத்தைப் பற்றி அவன் அக்கா பேசினாள். நின்ற இடத்திலேயே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகக்கூடும் என்று நான் சொன்ன பிறகு பேசியது அது. அதை இங்கே எழுதுவதற்கில்லை. சிக்னலில் துள்ளிப் பாய்ந்து அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதிக்கும் பழக்கம்தான் எல்லாவற்றிலும் பெரிய செலவு; ஊருக்குள் 10 முதல் 40 சதவிகிதம் வரை அதிலேயே போகலாமாம். அதைக் கழற்றிவைக்க மெக்கானிக்கால் ஆகாது.

பாய் சில நூறு ரூபாய்க்கு ஒரு புதுக் காகிதப் பில்டர் மாட்டிவிட்டார். மைலேஜுக்காக அல்ல, பிக்கப்புக்காகவும் வெட்டுக்கிளிக்காகவும். காற்று நிரப்பி, காரியரைக் கழற்றி, சிக்னலில் கொஞ்சம் பொறுமை காட்டி ஓட்டியதில் இந்த மாதம் பெட்ரோல் ரசீதுகள் குறைந்திருப்பதாகச் சொன்னான். எவ்வளவு என்று ரசீதோடு வந்தால்தான் நம்புவேன் என்று சொல்லியிருக்கிறேன். பாக்கித் தவணையில் ஒன்றைக் கட்டிவிட்டான்; அது மட்டும் எனக்குத் தெரியும். இன்னொன்றுக்கு நான் கைமாற்றுக் கொடுத்திருப்பது என் மனைவிக்குத் தெரியாது. அதாவது, இந்த இதழ் வீட்டுக்கு வருகிற வரையில் தெரியாது.

வளையல் கையில்தான் இருக்கிறது. காரியர் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. நாலு செங்கல்மேல் நிறுத்தி, வேட்டி விரித்து, போன வாரம் அதன்மேல் வடாம் இட்டிருந்தாள். நல்ல காற்றாம் அங்கே.